மரை கழலாமல் பார்த்துக்கொண்டவர்

ஜோசப் விட்வொர்த். மெக்கானிக்கல் பசங்க இந்தப் பேரை பி.எஸ்.டபிள்யூ. மரைன்னு பாடத்தில் பார்த்துத் தாண்டிப் போயிருப்பீங்க. சி.எஸ்., ஐ.டி. பசங்க கேள்விப்பட்டிருக்கவே மாட்டீங்க. ஆனா டீம் ப்ராஜெக்ட்டில் டேபா, ஸ்பேஸா என்று சண்டை போடுற எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய ஆள் இவர்.

1803-ல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தார். 14 வயசில் சொந்தக்காரரின் பஞ்சாலையில் சேர்த்துவிட்டாங்க. அவருக்குப் பிடிச்சது அங்கிருந்த மெஷின்கள் மட்டும்தான். கிளம்பி மான்செஸ்டருக்குப் போய் மெக்கானிக் ஆனார். பிறகு லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறை. துல்லியம் என்றால் என்னன்னு கத்துக்க அன்றைக்கு அதைவிட நல்ல இடம் அரிது. 1833-ல் மான்செஸ்டர் திரும்பி, சொந்தப் பட்டறை போட்டார்.

அப்போ நிலைமை என்ன தெரியுமா? பட்டறைக்குப் பட்டறை மரை வேற. ஒரு இன்ஜினில் போல்ட் போச்சுன்னா, அதைச் செய்தவர்கிட்டயே ஓடணும். இல்லன்னா அளவெடுத்துப் புதுசா வெட்டணும். ஆனா, தன் மரைதான் சரின்னு ஒவ்வொரு பட்டறையும் நம்பிச்சு.

விட்வொர்த் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்தார், அளந்தார், சராசரி எடுத்தார். 1841-ல் லண்டன் சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தில் முடிவை வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி. கால் அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 20 மரை, அரை அங்குலத்துக்கு 12, ஒரு அங்குலத்துக்கு 8.

இதில் கவனிங்க: என் மரைதான் உசத்தின்னு அவர் வாதாடவே இல்லை. எல்லாருக்கும் நடுவில் ஒண்ணைப் பிடித்தார். அதனால யாருக்கும் தோத்த மாதிரி இல்லை. அதோட, அவர் பட்டறையே டேப், டை, கேஜ் எல்லாம் செய்து வித்தது. விதியை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம்; கருவியே வெட்டிக் கொடுத்துடும்.

பலன் கிரிமியப் போரில் தெரிஞ்சது. கடற்படைக்கு அவசரமாகச் சுமார் 90 படகு இன்ஜின்கள் தேவை. ஜான் பென் பாகங்களைப் பல பட்டறைகளுக்குப் பிரிச்சுக் கொடுத்தார். மரை பொதுவாக இருந்ததால் எங்கெங்கோ செய்த பாகங்கள் ஒண்ணா பொருந்தின.

அவர் சொன்னதெல்லாம் ஜெயிக்கவும் இல்லை. அறுகோணக் குழல் வைத்த அவருடைய துப்பாக்கி 1857 சோதனையில் குறி தவறாமல் சுட்டது. ஆனாலும் விலை அதிகம், குழலில் கரி அடைக்குதுன்னு ராணுவம் எடுத்துக்கலை. 1864-ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ், 55 டிகிரியும் வளைந்த முனையும் வெட்டவும் சரிபார்க்கவும் கஷ்டம் என்று 60 டிகிரி மரையைக் கொண்டு வந்தார். நாட்டுக்கொரு மரை என்றானது. இரண்டாம் உலகப் போரில் இரண்டு நாட்டுத் தளவாடங்களும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாமல் திண்டாடிய பிறகு, 1948-ல்தான் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் பொது மரைக்கு ஒத்துக்கிட்டாங்க.

இப்போ உங்க கோடுக்கு வாங்க. கண்டிப்பான ஃபார்மட் விதி தேவையா? தேவை, ஆனா ஆள் வெச்சு மிரட்டி இல்லை. கோ மொழியின் 'கோஃபம்ட்' செய்றது விட்வொர்த்தின் டேப்-டை செய்த அதே வேலைதான்: சேவ் பண்ணினதும் எல்லார் கோடும் ஒரே வடிவம். ரிவ்யூவில் பிராக்கெட் பஞ்சாயத்து இல்லை. லாஜிக்கை மட்டும் பார்க்கலாம். டிஃப்பில் நிஜ மாற்றம் மட்டும் தெரியும். பாதி ப்ராஜெக்ட்டில் மாற்றணும்னா, ஃபார்மட்டை மட்டும் தனி கமிட்டாகப் போடுங்க. லாஜிக் மாற்றத்தோடு கலந்தால் பக் எங்கே நுழைஞ்சதுன்னு பிறகு தேடவே முடியாது.

என் கற்பனையை முடக்குதேன்னு தோணலாம். மரை பொதுவானதால் எந்த இன்ஜினும் ஒரே மாதிரி ஆயிடலையே! கருவியால் சரிபார்க்க முடிவதை விதியாக்குங்க. பேர் வைப்பது, ஃபங்ஷனைப் பிரிப்பது போன்றவற்றை உட்கார்ந்து பேசுங்க.

விட்வொர்த் 1887-ல் இறந்தார். 1868-ல் அவர் தொடங்கிய உதவித்தொகை இளம் இன்ஜினியர்களுக்கு இன்றும் கிடைக்குது. அவர் மரை பல இடங்களில் வழக்கொழிஞ்சு போச்சு. போகட்டும், எந்த அளவு என்பதை விட, எல்லாரும் ஒரே அளவுக்கு ஒத்துக்கிட்டதுதான் பெருசு. அடுத்த ப்ராஜெக்ட்டில் முதல் கமிட்டுக்கு முன்னாடியே ஃபார்மட்டரைப் போட்டுடுங்க. சண்டைக்கு வேற நல்ல விஷயம் நிறைய இருக்கு.