சக்கர நாற்காலியில் ஒரு சர்ஜன்

மட்டாஞ்சேரியிலிருந்து ஃபோர்ட் கொச்சி துறைக்குப் போய்ப் படகேறினால் அக்கரையில் வைப்பின் தீவு. அத்தீவின் வட பகுதியிலுள்ள செறாயில் 1925-ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். பிறந்தது மலையாள மண்ணில் என்றாலும், அவர் பெயர் நிலைத்தது தமிழ்நாட்டின் வேலூரில்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து அவர் டாக்டரானார். பெண்களுக்கான மருத்துவத்தில் தேர்ச்சி பெற வேண்டும் என்பதே அவரது ஆசை. 1954 ஜனவரியில் சக டாக்டர்களுடன் உல்லாசப் பயணம் சென்ற வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பலத்த காயம். முதுகெலும்பும் முறிந்தது. கால்களை ஆட்டுவிக்கும் நரம்புகள் முதுகெலும்பின் உள்ளேதான் இறங்குகின்றன. அவை சிதைந்ததால் இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் அற்றுப்போயின. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அதே ஆஸ்பத்திரியில் எலும்பு சிகிச்சை நிபுணராகவும் பேராசிரியராகவும் இருந்தார் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் அவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தி வந்தார். செயலற்ற தசைக்குப் பதிலாக, நல்ல தசை ஒன்றின் நாரை எடுத்து விரலோடு இணைப்பது அவரது முறை. கையில் செய்யும் ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம். மேரிக்கு அந்தப் பாதையைக் காட்டியவர் பிராண்ட்தான்.

சக்கர நாற்காலியில் அமர்ந்தே மேரி கத்தியை எடுத்தார். நோயாளிக்குக் கையில் உணர்ச்சி இல்லை. டாக்டருக்குக் காலில் உணர்ச்சி இல்லை. சுட்டாலும் தெரியாது, புண்ணானாலும் தெரியாது என்ற துன்பத்தை இருவரும் அறிந்திருந்தனர். ஊரும் உறவும் ஒதுக்கிய பலர் அவரால் மீண்டும் கையால் வேலை செய்தனர்.

அத்துடன் அவர் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் சிகிச்சையும் பயிற்சியும் பெற்றார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றார். திரும்பி வந்து வேலூரில் அத்துறையின் தலைவரானார். 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் அத்தகைய நிலையம் இந்தியாவில் அதற்கு முன் இருந்ததில்லை. 1972-இல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986-இல் அவர் காலமானார்.

மூட்டை சுமப்பவர், சாரம் ஏறுபவர், மரம் ஏறுபவர் என உழைத்துப் பிழைக்கும் யாருக்கும் ஒரு நொடியில் முதுகெலும்பு முறியலாம். அப்படி விழுந்தவரின் கதை முடிந்தது என்று வீட்டார் மூலையில் கிடத்திவிடுவது உண்டு. ஒரே பக்கமாகக் கிடப்பவருக்குப் படுக்கைப் புண் வரும், உயிருக்கே ஆபத்தாகும். புரட்டிப் படுக்கவைப்பதும், நாற்காலிக்குத் தானே மாறப் பழக்குவதும், உட்கார்ந்து செய்யும் தொழிலைக் கற்பிப்பதும் மருந்தைப் போலவே அவசியம். மேரி வர்கீஸ் தம் வாழ்நாளெல்லாம் கற்பித்த பாடம் இதுதான். அதைச் சொல்லிக் கொடுத்தவரே நாற்காலியில் அமர்ந்திருந்ததால், படுத்த படுக்கையாக வந்தவர்களுக்கும் அதில் நம்பிக்கை பிறந்தது.