சிறு வளையமும் சிறந்த உள்ளமும்

பெண்களுக்கு ஏற்ற தொழில்கள் எவை என்று கேட்டால், நம்மில் பலர் ஆசிரியப் பணி, மருத்துவம், செவிலியர் பணி என்று அடுக்கத் தொடங்குவோம். கையில் ஸ்பேனரும் விரல்களில் எண்ணெய்க் கறையுமாக ஒரு பெண் மோட்டார் சைக்கிளைப் பிரித்துக் கொண்டிருந்தால், சற்று நின்று வியப்போடு பார்ப்போம். அவ்வாறு பிரித்தும் பூட்டியும் பழகிய ஒரு பெண்ணின் அறிவுதான் இரண்டாம் உலகப் போரில் வான்படை வீரர் பலருக்கு உயிர்க்காப்பாக அமைந்தது. அப்பெண்மணியின் பெயர் பீட்ரிஸ் ஷில்லிங். அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகக் காண்போம்.

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் வட்டாரத்தைச் சேர்ந்த வாட்டர்லூவில் என்னும் ஊரில், 1909ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் பீட்ரிஸ் பிறந்தார். உலகம் இன்று மகளிர் தினமாகக் கொண்டாடும் நாளும் அதுவே. தந்தையார் இறைச்சிக்கடை நடத்தியவர். மற்றச் சிறுமியர் பொம்மைகளைத் தேட, பீட்ரிஸ் கைச்செலவுக்குக் கிடைத்த காசையெல்லாம் மெக்கானோ என்னும் இரும்புத் துண்டு விளையாட்டுப் பொருள்களில் செலவிட்டார். அவற்றைக் கொண்டு நூற்கும் இராட்டை ஒன்று செய்து பரிசும் பெற்றார். பதினான்காம் வயதில் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அதை ஓட்டியதோடு நிற்கவில்லை. அக்கக்காகப் பிரித்து மீண்டும் பூட்டினார். தாம் ஒரு பொறியியலாளர் ஆக வேண்டும் என்ற உறுதி அந்த நாள்களிலேயே அவர் மனத்தில் வேரூன்றிவிட்டது.

அக்காலத்தில் இது எளிய ஆசையன்று. பெண்களைத் தொழில் பயில ஏற்றுக்கொள்ளும் நிறுவனங்கள் மிகச் சில. நல்வாய்ப்பாக, 1919இல் தொடங்கப்பட்ட மகளிர் பொறியியல் சங்கம் இத்தகைய பெண்களுக்குக் கை கொடுத்து வந்தது. அச்சங்கத்தைச் சேர்ந்த மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்னும் அம்மையார், டெவன் பகுதியின் சிற்றூர்களுக்கு மின்விளக்கு கொண்டு சென்ற பொறியியலாளர். அவரிடம் பீட்ரிஸ் மூன்று ஆண்டுகள் தொழில் பழகினார். மாணவியின் திறமையை உணர்ந்த அம்மையார், பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்குமாறு தூண்டினார். 1929இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பீட்ரிஸ் சேர்ந்தார். 1932இல் மின்பொறியியலில் பட்டமும் மறு ஆண்டில் இயந்திரப் பொறியியலில் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

படிப்பு முடிந்த பின்னும் மோட்டார் சைக்கிள் அவரை விட்டு அகலவில்லை. நார்ட்டன் நிறுவனத்தின் 500 சி.சி. வண்டி ஒன்றைத் தாமே செப்பனிட்டு, புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் ஓட்டினார். அங்கு நடந்த பந்தயங்களில் மணிக்கு 100 மைல் வேகத்தை எட்டிச் சுற்றி வந்தோருக்குத் தங்க நட்சத்திரம் வழங்குவது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. 1934இல் பீட்ரிஸ் மணிக்கு 106 மைல் வேகத்தில், அதாவது ஏறத்தாழ 170 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி அதைப் பெற்றார். மோட்டார் சைக்கிளில் இந்த நட்சத்திரத்தைப் பெற்ற பெண்கள் மூவரே.

இத்தகைய வேகத்துக்கு ஓட்டுபவரின் துணிவு மட்டும் போதாது. வண்டியின் கார்புரேட்டரும் சீராக இருக்க வேண்டும். அது என்ன என்று நாம் அறிந்துகொண்டால்தான் பீட்ரிஸின் பெருமை நமக்கு விளங்கும்.

பெட்ரோல் தனியாக எரிந்து எஞ்சினை ஓட்டுவதில்லை. எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று கலக்க வேண்டும். இக்கலவையைப் பக்குவமாகச் சமைத்துத் தரும் அடுக்களைதான் கார்புரேட்டர். அதில் பெட்ரோல் தேங்கும் சிறு கிண்ணம் ஒன்றும் அதனுள் ஒரு மிதவையும் உண்டு. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து, தொட்டி நிறைந்ததும் குழாயை அடைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அதுபோலவே, கிண்ணம் நிறைந்ததும் மிதவை எழுந்து ஓர் ஊசியால் வழியை அடைக்கும். குறைந்ததும் இறங்கி வழியைத் திறக்கும். கிண்ணத்தின் அடியிலுள்ள ஜெட் என்னும் நுண்ணிய துளை வழியே பெட்ரோல் மேலே உறிஞ்சப்பட்டுக் காற்றோடு கலக்கிறது.

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் புதுப்பிப்பவர் முதலில் கை வைப்பதும் இங்கேதான். கிண்ணத்தைக் கழற்றி, பெட்ரோல் காய்ந்து பிசினாகப் படிந்திருப்பதைக் கழுவுவார். ஜெட்டில் கம்பியை விட்டுக் குத்தமாட்டார். துளை இம்மியளவு பெரிதானாலும் கலவை கெட்டுவிடும் அல்லவா? ஆகவே காற்றை ஊதியே அடைப்பை நீக்குவார். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குவார். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது ஓட்டையானது என்று பொருள். தேய்ந்த ஊசியையும் பழைய வாஷர்களையும் மாற்றுவார். எல்லாம் பூட்டியபின் எஞ்சினைச் சூடேற்றி, திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஓசை சீராகும் வரை பொறுமையோடு காத்திருப்பார். பிறகு சிறிது தூரம் ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, மரப்பட்டை போன்ற பழுப்பு நிறமாயின் சரியான அளவு. கண்ணும் காதும் கையும் ஒன்றுபட்டுச் செய்யும் வேலை இது. பீட்ரிஸ் இதில் தேர்ந்தவராக விளங்கினார்.

1936இல் ஃபார்ன்பரோ நகரிலுள்ள அரசு விமான ஆய்வகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. முதலில் அளிக்கப்பட்டது எஞ்சின் கையேடுகள் எழுதும் பணியே. ஆயினும் விரைவிலேயே கார்புரேட்டர் ஆய்வுக்கு மாறினார். 1938இல் அங்கே பணியாற்றிய ஜார்ஜ் நெய்லரை மணந்தார். ஜார்ஜும் புரூக்லண்ட்ஸ் தங்க நட்சத்திரம் பெற்ற பிறகே பீட்ரிஸ் திருமணத்துக்கு இசைந்தார் என்று சொல்வார்கள்!

1939இல் போர் மூண்டது. பிரிட்டனின் ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினால் பறந்தன. 1940இல் நடந்த வான்போர்களில் விமானிகள் ஓர் ஆபத்தைக் கண்டார்கள். எதிரியைத் துரத்தி மூக்கைச் சட்டெனக் கீழே சாய்த்தால் எஞ்சின் திணறியது, சில வேளைகளில் நின்றே போனது. ஜெர்மானிய மெசர்ஸ்மிட் விமானத்துக்கு இக்குறை இல்லை. அதன் எஞ்சினில் பெட்ரோல் நேரடியாகப் பீய்ச்சப்பட்டது. ஆகவே அது கீழ்நோக்கிப் பாய்ந்து தப்பிவிடும். துரத்திய பிரிட்டிஷ் விமானி, விமானத்தைப் புரட்டிய பின்பே பாய முடிந்தது. அந்தச் சில நொடிகளில் உயிரே போகக்கூடும்.

காரணம் நாம் மேலே கண்ட அதே மிதவைக் கிண்ணம். விமானம் திடீரெனச் சாயும்போது கிண்ணத்துப் பெட்ரோல் மேற்புறம் எகிறும். அடியிலுள்ள ஜெட்டுக்கு ஒன்றும் கிடைக்காமல் எஞ்சின் முதலில் திணறும். அடுத்த கணம் தடுமாறிய மிதவை ஊசி வழியை அகலத் திறந்துவிடும். பம்ப்பு தள்ளும் பெட்ரோல் முழுவதும் வெள்ளமாய்ப் புகுந்து எஞ்சினை மூழ்கடிக்கும்.

புதிய கார்புரேட்டர் செய்து முடிக்க நெடுங்காலம் ஆகும். போரோ காத்திராது. பீட்ரிஸ் கண்ட வழி மிக எளியது. நடுவில் துளையுள்ள ஒரு சிறு உலோகத் தடுப்பைப் பெட்ரோல் குழாயில், கார்புரேட்டருக்குச் சற்று முன்பாகப் பொருத்தினார். எஞ்சின் முழு வலுவோடு ஓட எவ்வளவு பெட்ரோல் தேவையோ, அவ்வளவு மட்டுமே அத்துளை வழியே செல்லும். மிதவை எவ்வளவு தடுமாறினாலும் வெள்ளம் புகாது. முதலில் தையல் விரலுறை வடிவில் இருந்த இத்தடுப்பு, பின்னர்த் தட்டையான வளையமாக மாற்றப்பட்டது. விமானத்தைப் பணியிலிருந்து விலக்காமலே இதைப் பொருத்த முடிந்தது என்பதே இதன் தனிச் சிறப்பு. 1941இன் தொடக்கத்தில் பீட்ரிஸ் ஒரு சிறு குழுவோடு விமானத்தளங்களுக்குச் சென்று பொருத்தும் வேலையை மேற்பார்த்தார். முதல் திணறலை இவ்வளையம் முற்றிலும் நீக்கவில்லை. ஆனால் எஞ்சின் மூழ்கி நிற்பதைத் தடுத்தது. மேம்பட்ட கார்புரேட்டர்கள் வரும் வரை அதுவே விமானிகளுக்குத் துணை நின்றது. அவருடைய கணவரும் அப்போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர் என்பதை எண்ணும்போது, அவர் உழைப்பின் பின்னிருந்த கவலையும் நமக்குப் புரிகிறது.

போருக்குப் பின் ஈரமான ஓடுதளத்தில் விமானச் சக்கரங்கள் வழுக்குவது போன்ற சிக்கல்களை ஆராய்ந்து, 1969 வரை அதே ஆய்வகத்தில் பணியாற்றினார். அரசு விருதும் சர்ரே பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டமும் அவரைத் தேடி வந்தன. ஆனால் ஆய்வகத்தின் உச்சப் பதவி மட்டும் அவரை வந்து சேரவில்லை. அதற்காக அவர் தம் வேலையில் குறை வைத்ததில்லை. 1990 நவம்பர் 18ஆம் நாள் மறைந்தார்.

2020 முதல் நம் நாட்டில் வரும் புதிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலைப் பீய்ச்சும் கருவியே இடம் பிடித்துவிட்டது. கருவிகள் மாறும், பழகிய கையும் ஆராயும் மனமும் பழுதாவதில்லை. கடவுள் தந்த தாலந்தை மண்ணில் புதைத்து வைத்தவனின் கதையை நாம் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். பீட்ரிஸ் தம் தாலந்தைப் புதைக்கவில்லை. பெண்ணுக்கு இது எதற்கு என்று உலகம் கேட்டபோதும் புதைக்கவில்லை. நம் கைக்கு எந்தக் கருவி வந்து சேர்ந்தாலும், அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கும் துணிவை நாமும் வளர்த்துக்கொள்வோமாக!