கரிசல் காட்டில் ஒரு கூடாரம்: ராக்லாண்ட் ஐயர் வாழ்ந்த கதை

மார்கழி பிறந்த கையோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் அதிகாலை பஸ்ஸைவிட்டு இறங்கினால், ஆண்டாள் பாசுரம்தான் முதலில் காதில் விழும். அதே வாரத்தில்தான் கிறிஸ்துமஸும் நெருங்கும். 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ராஜபாளையத்திலும் காகித நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்திருக்கும். பாசுரமும் கேரல்ஸும் ஒரே குளிரில் கலந்து கேட்பது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பழகிப்போன ஒன்று.

170 வருஷத்துக்கு முன்னால் இந்த நிலம் வேற மாதிரி இருந்தது. ஆலையும் இல்லை, ரயிலும் இல்லை. விருதுநகர் மாவட்டம் என்ற பேரே கிடையாது, எல்லாமே திருநெல்வேலி ஜில்லாவின் வடக்குப் பகுதி. அங்கேதான், நுரையீரல் பழுதான ஒரு கணித மேதை மாட்டுவண்டியில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக வந்தார். தாமஸ் கஜெட்டன் ராக்லாண்ட் என்பது அவர் பெயர். மிஷனரிகளை `ஐயர்' என்று கூப்பிடும் திருநெல்வேலி வழக்கப்படி ராக்லாண்ட் ஐயர்.

1815-ல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்ததால் மாமா வீட்டில்தான் வளர்ந்தார். லிவர்பூலில் மாமாவின் வணிக அலுவலகத்தில் சில வருஷம் கணக்கு எழுதினார். லிவர்பூல் அப்போது உலகத்துப் பருத்தியெல்லாம் வந்து இறங்கும் துறைமுகம். பின்னாளில் பருத்திக் காட்டிலேயே போய் உயிரைவிடுவோம் என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பிறகு கேம்பிரிட்ஜ். 1841-ல் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே நான்காவது இடம். அன்றைய இங்கிலாந்தில் அது சாதாரண விஷயம் இல்லீங்க. கல்லூரியிலேயே ஃபெலோ பதவி கிடைத்தது. புத்தகம், அமைதியான அறை, மதிப்பு என்று காலத்துக்கும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். அதை விட்டுட்டு சர்ச் மிஷனரி சொசைட்டியில் சேர்ந்து 1846-ல் சென்னை வந்தார்.

வந்த இடத்திலும் மேசை வேலைதான் காத்திருந்தது. சொசைட்டியின் சென்னைச் செயலாளர் என்ற முறையில் கடிதம், கணக்கு, ஆள் பஞ்சாயத்து. அந்த வேலையாகத்தான் திருநெல்வேலிக்குப் போனார். ஜில்லாவின் தெற்கே கிறிஸ்தவ ஊர்களும் பள்ளிகளும் நிறைய. வடக்கே சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் அநேகமாக ஒன்றுமே இல்லை. அந்த ஏற்றத்தாழ்வு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

திட்டம் ரொம்ப எளிமையானது. பங்களா கட்டி உட்கார்ந்து ஜனங்களை வரச்சொல்ல வேண்டாம், நாமே அவர்களிடம் போவோம். 1854-ல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களோடு வேலை தொடங்கியது. ஒரு ஊருக்குப் பக்கத்தில் கூடாரம் போடுவார்கள். காலையும் மாலையும் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய்ப் பேசுவார்கள். அது முடிந்ததும் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அடுத்த இடம். ஒரு கிராமமும் விட்டுப்போகக் கூடாது என்பதில் கணக்கு வாத்தியாரின் கறார்.

கூடாரம் என்றால் அந்தக் கால ஜனங்களுக்குத் தெரிந்தது கலெக்டர் முகாம். வரி, ஜமாபந்தி, அதட்டல். வெள்ளைத் தோலும் கூடாரமுமாக இன்னொருத்தர் வந்து நின்றால் என்ன நினைத்திருப்பார்கள்? சந்தேகப்பட அவர்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. கம்பெனி ஆட்சியின் நிழலில்தான் ராக்லாண்ட் நடமாடினார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், வாங்குவதற்காக வந்த கூடாரமாக அது இல்லை.

இங்கே கிறிஸ்துமஸைப் பற்றி ஒரு வார்த்தை. கடவுள் மனிதனாகப் பிறந்து நம் நடுவில் தங்கினார் என்று யோவான் நற்செய்தி சொல்லும் இடத்தில், மூல கிரேக்கச் சொல்லுக்குக் கூடாரம் போட்டுத் தங்கினார் என்று பொருள். மேலிருந்து அன்பை அனுப்பிவைக்காமல் கீழே இறங்கி வந்து, நம்மோடு வெயிலில் காய்ந்து, கடைசியில் உயிரையும் கொடுப்பது. கிறிஸ்தவர்கள் மாட்டுத்தொழுவத்தையும் சிலுவையையும் ஒரே கதையாகப் பார்ப்பது இதனால்தான். ராக்லாண்டுக்கு இது பிரசங்கத்தில் மட்டும் சொல்கிற விஷயமாக இருக்கவில்லை.

அவர் உடம்பு ஏற்கெனவே பலவீனம். நெஞ்சு நோய் வேறு. கரிசல் வெயில் எப்படி என்று சித்திரையில் சாத்தூர் பக்கம் நடந்தவர்களுக்குத் தெரியும். மழை பெய்தால் அதே மண் காலைப் பிடித்து இழுக்கும். அதிலும் அலைந்தார்.

ஊழியம் பலிக்க எது வழி என்ற கேள்விக்கு அவர் கண்ட பதில், மண்ணில் விழுந்து சாகிற கோதுமை மணியைப் பற்றி இயேசு சொன்ன உவமை. எல்லாத் திட்டங்களையும்விட நிச்சயமான திட்டம், தானே அந்த மணியாகி விழுந்து மடிவதுதான் என்று எழுதிவைத்தார். கரிசலில் கோதுமை ஏது, கம்பும் சோளமும்தான். ஆனால், விதைப்பு பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கதையில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. தெற்கத்திச் சபைகள் தங்கள் காணிக்கையில் செலவு பார்த்து, தமிழ் ஊழியர்களை முறைவைத்து வடக்கே அனுப்பின. அவர்களும் இதே வெயிலில்தான் நடந்தார்கள். பேச்சு மொழியும் ஊர் வழக்கமும் அறிந்தவர்கள் அவர்கள்தான். ஆனால், புத்தகங்களில் அவர்களுக்குக் கிடைத்த இடம் ரொம்பச் சின்னது.

பலன்? ராக்லாண்ட் உயிரோடு இருந்தவரை பெரிய கூட்டம் எதுவும் பின்னால் திரளவில்லை. நாலு வருஷ அலைச்சல், அவ்வளவுதான். 1858 அக்டோபர் 22-ம் தேதி சிவகாசியில் இருந்தபோது நுரையீரலில் ரத்தக்குழாய் வெடித்தது. ஃபென் பக்கத்தில் இருந்தார். சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்துபோயிற்று. வயது 43. கல்யாணம் இல்லை, குடும்பம் இல்லை.

பிற்காலத்தில் அவர் வாழ்க்கையைத் தேடி எடுத்துப் புத்தகமாக எழுதியவர், அதே ஜில்லாவின் தென்கோடியில் டோனாவூரில் பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த ஏமி கார்மைக்கேல். இன்று சிவகாசியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறி இறங்கும் சாட்சியாபுரத்தைத் தாண்டித்தான் போகிறது.

ராக்லாண்ட் இறந்த பத்தாம் நாள், நவம்பர் 1 அன்று, கம்பெனி ஆட்சி முடிந்ததாக விக்டோரியா ராணியின் பிரகடனம் வாசிக்கப்பட்டது. வடக்குத் திருநெல்வேலியில் கூடாரத்தை யாரும் மூட்டை கட்டி வைக்கவில்லை. ஃபென்னும் மெடோஸும் தமிழ் ஊழியர்களும் அடுத்த ஊருக்கு வண்டி கட்டினார்கள்.