எட்டணாவில் கொழும்புப் பயணம்
கப்பல் ஓட்டிய சிதம்பரனாரின் கதை

தூத்துக்குடிக் கடல் முத்துக்குப் பெயர் போனது. அந்தக் கடலில் மூழ்கி முத்தும் சங்கும் எடுத்தவர்கள் தமிழர்கள். பாய் விரித்த தோணிகளில் அரிசியும் மிளகாயும் பருத்தியும் ஏற்றி இலங்கைக்குக் கொண்டு போனவர்களும் தமிழர்களே.

ஆனால் நீராவிக் கப்பல் வந்த பிறகு நிலைமை மாறிற்று. கடல் நம்முடையது; கப்பல் நம்முடையது அல்ல!

தூத்துக்குடிக்கு 1876-ம் ஆண்டில் ரயில் வந்தது. சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறவர்கள், இங்கே கப்பல் ஏறிக் கொழும்புக்குப் போவார்கள். வியாபாரிகள் போனார்கள். தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யத் தொழிலாளிகள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அவ்வளவு பேரையும் ஏற்றிச் சென்றது ஒரே ஒரு கம்பெனி. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி என்பது அதன் பெயர். கூலி கேட்டபடி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சரக்கு கரையிலேயே கிடக்கும்.

இந்த நிலையை மாற்ற ஒரு வக்கீல் துணிந்தார். அவர்தான் வ. உ. சிதம்பரம் பிள்ளை.

ஒட்டப்பிடாரத்துப் பிள்ளை

திருநெல்வேலிச் சீமையில், தூத்துக்குடிக்குப் பக்கத்தில் உள்ளது ஒட்டப்பிடாரம். அந்த ஊரில் 1872-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி சிதம்பரனார் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை, அவரும் வக்கீல். தாயார் பரமாயி அம்மாள்.

சிதம்பரனார் ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் படித்தார். சில காலம் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலை பார்த்தார். பிறகு பிளீடர் பரீட்சையில் தேறித் தந்தையின் தொழிலையே மேற்கொண்டார். ஏழைகளுக்காக வழக்காடினார். 1900-ம் ஆண்டில் தூத்துக்குடிக்கு வந்து தொழில் நடத்தினார். நல்ல வருமானம் வந்தது. குடும்பத்தோடு சுகமாக வாழ்ந்திருக்கலாம்.

1905-ல் வங்காளத்தை ஆங்கில சர்க்கார் இரண்டாகப் பிரித்தது. நாடெங்கும் சுதேசிக் கிளர்ச்சி மூண்டது. அன்னியத் துணியை வாங்காதே என்ற குரல் எங்கும் கேட்டது. திலகரைத் தலைவராகக் கொண்டவர் சிதம்பரனார். அவர் ஒருபடி மேலே போய் யோசித்தார்.

துணியை விலக்கினால் போதுமா? அந்தத் துணியையும் மற்றச் சரக்குகளையும் ஏற்றி இறக்கிப் பணம் குவிப்பது கப்பல் அல்லவா? நமக்கென்று கப்பல் வேண்டாமா?

இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு

1906-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 40,000 பங்குகளாகப் பிரித்தார்கள். ஒரு பங்கு 25 ரூபாய். இந்தியர், இலங்கையர் முதலிய ஆசியக் கண்டத்து மக்கள் மட்டுமே பங்கு வாங்கலாம் என்பது விதி.

மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் கம்பெனியின் தலைவர் ஆனார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் 8,000 பங்குகள் வாங்கி 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். சேலம் விஜயராகவாச்சாரியார் சட்ட ஆலோசனை சொன்னார். இப்படி எல்லாச் சாதியாரும் மதத்தாரும் கைகோத்தார்கள். சிதம்பரனார் பெயருக்கு உதவிச் செயலாளர். உண்மையில் கம்பெனியின் கையும் காலும் அவர்தான்.

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய்க் கம்பெனி ஒன்றிடமிருந்து கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி சும்மா இருக்குமா? அந்த வாடகைக் கம்பெனியை மிரட்டியது. கப்பல் திரும்பிப் போய்விட்டது.

சிதம்பரனார் உடனே கொழும்புக்குச் சென்றார். வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்து வந்தார். ஆனால் இரவல் கப்பல் என்றைக்கும் இரவல்தான் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. சொந்தக் கப்பல் வாங்குவதற்காகப் பம்பாய்க்குப் புறப்பட்டார்.

அப்போது வீட்டில் மகன் உலகநாதன் நோயாகக் கிடந்தான். மனைவி மீனாட்சி அம்மாள் கருவுற்றிருந்தார். போக வேண்டாம் என்று நண்பர்கள் தடுத்தார்கள். சிதம்பரனார் கேட்கவில்லை. வந்தால் கப்பலோடு வருவது, இல்லாவிட்டால் கடலில் விழுந்து மாள்வது என்று சபதம் செய்து கிளம்பினார் என்று தூத்துக்குடியில் பல தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

கரையெல்லாம் கூட்டம்

சபதம் வீண் போகவில்லை. 1907-ம் ஆண்டில் இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஒன்றின் பெயர் காலியா. மற்றொன்றின் பெயர் லாவோ. ஒவ்வொரு கப்பலிலும் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், சாதாரண வகுப்பில் 1,300 பேரும் போகலாம். 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம்.

அந்தக் காலத்துத் தூத்துக்குடியில் பெரிய கப்பல் கரையை ஒட்டி வர முடியாது. ஆழம் போதாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் மூட்டைகளும் படகில் போய்க் கப்பல் ஏற வேண்டும். அப்படித் தொலைவில் நின்ற கப்பலைப் பார்ப்பதற்கே ஜனங்கள் கரையில் திரண்டார்கள். பாரதியார் தம்முடைய இந்தியா பத்திரிகையில் கப்பல்களின் வருகையைக் கொண்டாடி எழுதினார்.

வியாபாரிகள் சுதேசிக் கப்பலில் சரக்கு ஏற்றினார்கள். பயணிகள் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். கப்பல் புதிதா, பழையதா, வேகம் எவ்வளவு என்று அவர்கள் ஆராயவில்லை. இது நம் கப்பல். இதில் நாம் மூட்டையோடு மூட்டையாகப் போக வேண்டாம். இந்த ஒரு நினைப்பே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிக்கு வருமானம் குறைந்தது.

கட்டணப் போர்

பிறகுதான் போட்டி கடுமையாயிற்று.

வெள்ளைக்காரக் கம்பெனி ஆள் ஒன்றுக்குக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. எட்டணா என்றால் அரை ரூபாய். உடனே எதிரிக் கம்பெனி, கட்டணமே வேண்டாம், சும்மா வாருங்கள் என்றது. ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் இனாம் என்று அறிவித்தது!

காசு வாங்காமல் கப்பல் ஓட்ட முடியுமா? அந்தக் கம்பெனியால் முடிந்தது. அதன் கப்பல்கள் கல்கத்தா, ரங்கூன், பம்பாய், பாரசீக வளைகுடா, ஆப்பிரிக்கா என்று பல துறைமுகங்களுக்குப் போய் வந்தன. தூத்துக்குடியில் விட்ட பணத்தை வேறு இடங்களில் எடுத்துக்கொள்ளும். சுதேசிக் கம்பெனிக்கு இருந்தது இரண்டு கப்பல். முக்கியமான வழி கொழும்பு வழி ஒன்றுதான். ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் நிலக்கரி வாங்க வேண்டும்; மாலுமிகளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்; துறைமுக வரி கட்ட வேண்டும். யானையோடு ஆடு முட்டிய கதைதான். ஆனாலும் ஆடு பின்வாங்கவில்லை.

சிதம்பரனாருக்குப் பெரும் தொகை கொடுத்து அவரை விலக்கிவிடவும் முயற்சி நடந்தது. அவர் பணத்துக்கு மயங்கவில்லை.

ஆலைத் தொழிலாளர் பக்கம்

கப்பலோடு அவர் நின்றிருந்தால் சர்க்காருக்கு அவ்வளவு கோபம் வந்திராது. 1908-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கூலி மிகக் குறைவு. வேலை நேரம் மிக நீளம். வார விடுமுறை கிடையாது. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் தலைமை தாங்கினார்கள். பத்து நாட்களுக்குள் ஆலை முதலாளிகள் இறங்கி வந்தார்கள். கூலி உயர்ந்தது.

ஊர் முழுவதும் சிதம்பரனார் பக்கம் நின்றது. அவரைக் குறை கூறிப் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்த தொழிலாளி, பாதி முகத்தோடு விட்டுவிட்டுப் போனார் என்ற செய்தி அந்த நாளில் பிரபலம்.

கம்பெனி நிர்வாகிகளில் சிலருக்கு இந்த அரசியல் பிடிக்கவில்லை. வியாபாரம் வேறு, அரசியல் வேறு என்று எண்ணினார்கள். சர்க்காரின் பகை வந்தால் போட்ட பணம் போய்விடுமே என்று அஞ்சினார்கள். சிதம்பரனாருக்கோ இரண்டும் ஒன்றே. கப்பல் ஓட்டுவது லாபத்துக்கு மட்டும் அல்ல, அடிமைத்தனம் ஒழிவதற்காக. இந்த வேற்றுமை பின்னால் பெரிய விரிசலாயிற்று.

1908 மார்ச் 12-ந் தேதி சிதம்பரனாரும் சிவாவும் திருநெல்வேலியில் கைதானார்கள். மறுநாள் ஊர் கொதித்தது. கலகம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள்.

ஜூலை 7-ந் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். சிதம்பரனாருக்கு இரண்டு ஆயுள் தண்டனை. அதாவது 40 ஆண்டு! நாடே திகைத்தது. மேல் முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனாலும் ஏறக்குறைய ஐந்து ஆண்டுக் காலம் அவர் சிறையில் வாடினார். கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுத்தார். அந்தச் செக்கு இப்போது சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது.

தலைவன் இல்லாத கப்பல்

அவர் சிறையில் செக்கு இழுத்தபோது, வெளியே கப்பல் கம்பெனி தள்ளாடியது.

இலவசக் கப்பலும் இனாம் குடையும் எதிரே நின்றன. கொழும்புக்குப் பிழைக்கப் போகும் ஏழைக் குடும்பத்துக்கு எட்டணாவும் பெரிய பணம். இலவசக் கப்பலில் அவர்கள் ஏறியதைக் குற்றம் சொல்ல யாருக்கு மனம் வரும்? 1909-ல் சுதேசிக் கப்பல்கள் பெரும்பாலும் காலியாகவே போய் வந்தன.

ஆனால் கம்பெனிக்குச் சொந்தக்காரர்கள் பயணிகள் அல்ல, பங்குதாரர்கள். நஷ்டக் காலத்தில் தாங்க வேண்டியவர்கள் அவர்களே. தைரியம் சொல்லித் தாங்கச் செய்யக்கூடிய ஒருவரோ சிறையில் இருந்தார். 1911-ல் கம்பெனி கலைந்தது. கப்பல்கள் வேறு கைகளுக்குப் போயின. செக்கின் வலியைப் பொறுத்த சிதம்பரனாரால் இந்தச் செய்தியைப் பொறுக்க முடிந்திருக்குமா?

1912 டிசம்பரில் அவர் விடுதலையானார். ஒரு காலத்தில் அவரைப் பார்க்க ஆயிரக்கணக்கில் ஜனங்கள் கூடினார்கள். அன்று சிறை வாசலில் கூட்டம் இல்லை. சிவா போன்ற சிலரே வந்திருந்தார்கள்.

வக்கீல் தொழில் செய்யும் உரிமை பறிபோயிருந்தது. சென்னையில் சிறு வியாபாரம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றப் பாடுபட்டார். பின்னர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் அந்த உரிமை திரும்பக் கிடைத்தது. நன்றி மறவாத சிதம்பரனார், ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். தம்மைச் சிறையில் தள்ளியது ஆங்கில ஆட்சி என்பதால் எல்லா ஆங்கிலேயரையும் அவர் வெறுக்கவில்லை.

கோவில்பட்டியிலும் பிறகு தூத்துக்குடியிலும் வக்கீலாக இருந்தார். தமிழை விடவில்லை. மெய்யறம், மெய்யறிவு முதலிய நூல்களை எழுதினார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். 1936-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி, தாம் கப்பல் ஓட்டிய அந்தத் தூத்துக்குடியிலேயே காலமானார்.

பெயர் நிலைத்தது

பின்னாளில் அவர் புகழ் மீண்டும் பரவியது. ம. பொ. சிவஞானம் அவர் வரலாற்றைக் கப்பலோட்டிய தமிழன் என்ற பெயரில் எழுதினார். 1961-ல் அதே பெயரில் திரைப்படம் வந்தது. சிவாஜி கணேசன் சிதம்பரனாராக நடித்தார். படம் பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள்.

1974-ல் தூத்துக்குடி பெருந்துறைமுகம் ஆயிற்று. இப்போது பெரிய கப்பல்கள் தூரத்தில் நிற்பதில்லை. சுவரை ஒட்டி வந்து நிற்கின்றன. 2011-ல் அந்தத் துறைமுகத்துக்கே வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டு கொழும்புக்கு ஒரு பயணிகள் கப்பல் விடப்பட்டது. சில மாதங்களில் நின்றுவிட்டது. அந்த வழியில் கப்பலைத் தொடங்குவதைவிடத் தொடர்ந்து ஓட்டுவதே கடினம் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

சுதேசிக் கம்பெனி வாழ்ந்தது ஐந்தே ஆண்டு. அதை விழுங்க நினைத்த பெரிய கம்பெனி அதற்குப் பிறகும் பல பத்தாண்டு கப்பல் ஓட்டியது; எத்தனையோ லட்சம் சம்பாதித்தது. ஆனால் அதன் கப்பல்களில் ஒன்றின் பெயரையாவது இன்று தூத்துக்குடியில் யாரேனும் சொல்லுவார்களா? காலியாவையும் லாவோவையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட அறிவார்கள்.

இனாமாகக் கிடைத்த குடை ஒரு மழைக்காலத்துக்கு உதவியிருக்கும். நமக்கும் கப்பல் உண்டு என்று சிதம்பரனார் ஊட்டிய துணிவு, நாடு விடுதலை பெறும் வரை துணை நின்றது.