தூக்கு மேடையை அசைத்த 26 வயது வாலிபர்

இத்தாலியில் உள்ள மிலான் நகரத்தில், 1738-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி, ஒரு பிரபுவின் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் சேசரே பெக்காரியா. பல நாடுகளின் தண்டனைச் சட்டங்களை மாற்ற வைத்தவர் இவர்தான். அப்போது மிலான் ஆஸ்திரிய அரச குடும்பத்தின் ஆட்சியில் இருந்தது.

பார்மா நகரில் பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் பெக்காரியா 8 ஆண்டுகள் படித்தார். கணக்கில் கெட்டிக்காரர். கூடப் படித்த பிள்ளைகள் அவருக்கு "குட்டி நியூட்டன்" என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

பிறகு பவியா சர்வகலாசாலையில் சட்டம் படித்தார். 1758-ல் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 20.

பட்டம் வந்தது, மனதில் திருப்தி வரவில்லை. பழைய ரோமாபுரிச் சட்டங்களும், அவற்றுக்குப் பண்டிதர்கள் எழுதிய உரைகளும்தான் அந்தக் காலத்துச் சட்டப் படிப்பு. இந்தத் தண்டனை எதற்காக? இதனால் குற்றம் குறைந்ததா? இப்படிக் கேட்பவர்கள் மிகச் சிலரே.

காதல் கல்யாணம்

தெரசா என்ற பெண்ணைப் பெக்காரியா காதலித்தார். பெண்ணின் குடும்பம் தம் அந்தஸ்துக்குக் குறைந்தது என்று தகப்பனார் எதிர்த்தார். அதிகாரிகளிடம் சொல்லி, மகனை வீட்டுக் காவலில் வைத்தார். பெக்காரியா மசியவில்லை. 1761-ல் தெரசாவையே மணந்தார். தகப்பனாரின் உதவி நின்றது. வறுமை வந்தது. கடைசியில் நண்பர் பியத்ரோ வெர்ரி முன்நின்று, தகப்பனாரையும் மகனையும் சேர்த்து வைத்தார்.

வெர்ரியின் வீட்டில் வாலிபர்கள் கூடுவார்கள். நாட்டு நடப்பைப் பற்றிக் காரசாரமாக வாதாடுவார்கள். வெர்ரியின் தம்பி அலெசாண்ட்ரோ, சிறைக் கைதிகளின் நலனைக் கவனிக்கும் பதவியில் இருந்தார். சிறைக்குள் நடக்கும் கொடுமைகள் அவர் மூலம் பெக்காரியாவுக்குத் தெரிந்தன.

அக்காலத்தில் ஒருவன் மீது சந்தேகம் வந்தால் போதும். கைகளைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தூக்குவார்கள். வலி தாங்காமல் குற்றத்தை ஒப்புக் கொண்டால் தண்டனை! திருடியவனுக்கும் தூக்கு உண்டு. சிலரைச் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள். அதைப் பார்க்க ஜனங்கள் கூட்டமாகப் போவார்கள்.

பெயர் போடாத புத்தகம்

இதைப் பற்றி எழுதும்படி பியத்ரோ வெர்ரி தூண்டினார். பெக்காரியாவுக்குத் தொடர்ந்து உட்கார்ந்து எழுதும் பழக்கம் இல்லை. சிறிது நேரம் எழுதினால் களைத்து விடுவார். துண்டுக் காகிதங்களில் எழுதிக் கொடுப்பார். வெர்ரி அவற்றைச் சேர்த்துப் படி எடுப்பார்.

இப்படிப் பிறந்தது "குற்றங்களும் தண்டனைகளும்" என்ற சிறு புத்தகம். 1764-ல் லிவோர்னோ நகரில் அச்சாயிற்று. ஆபத்துக்குப் பயந்து, புத்தகத்தில் பெக்காரியா தம் பெயரைப் போடவில்லை!

புத்தகம் என்ன சொன்னது? சித்திரவதையில் உடல் பலம் உள்ள குற்றவாளி தப்பி விடுவான். பலம் இல்லாத நிரபராதி மாட்டிக் கொள்வான். எனவே அதனால் உண்மை வெளிவராது. தண்டனை குற்றத்தின் அளவுக்குத் தக்கபடி இருக்க வேண்டும். குற்றம் செய்தவன் தப்பவே முடியாது என்ற நிலை இருந்தால், இலேசான தண்டனையே போதும். தண்டனை தாமதம் இல்லாமல் கிடைக்க வேண்டும். சட்டம் சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி இருக்க வேண்டும். கொலை செய்யாதே என்று சொல்லும் அரசாங்கமே கொலை செய்யலாமா? நாட்டின் சுதந்திரமே ஆபத்தில் இருக்கும் சமயம் போன்ற அபூர்வ நிலைமை தவிர, மரண தண்டனை தேவை இல்லை.

ஐரோப்பா பரபரப்பு அடைந்தது. புத்தகம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. பிரெஞ்சு அறிஞர் வால்டேர் அதற்கு விளக்கவுரை எழுதினார். ரோமாபுரியில் திருச்சபை 1766-ல் அதைத் தடை செய்தது.

அதே ஆண்டு பாரிஸ் நகரம் அவரை வரவேற்றது. பெக்காரியாவோ கூச்ச சுபாவம் உள்ளவர். மனைவியின் நினைவு வாட்டியது. பாதியிலேயே ஊர் திரும்பி விட்டார். வெர்ரி சகோதரர்களுடன் இருந்த நட்பும் முறிந்தது.

ரஷ்யப் பேரரசி இரண்டாம் காதரின் அழைத்தார். பெக்காரியா போகவில்லை. அவரைத் தன்னிடமே வைத்துக் கொள்ள விரும்பிய ஆஸ்திரிய அரசாங்கம், 1768-ல் மிலானில் பொருளாதாரப் பேராசிரியர் பதவி கொடுத்தது. 1771 முதல் அரசாங்க உத்தியோகம் பார்த்தார்.

1786-ல் இத்தாலியின் டஸ்கனி நாடு சித்திரவதையையும் மரண தண்டனையையும் ஒழித்தது. அந்தச் சட்டத்தில் பெக்காரியாவின் கருத்து இருந்தது.

கடைசி வாதம்

தண்டனைச் சட்டத்தைத் திருத்த மிலானில் ஒரு குழு அமைத்தார்கள். பெக்காரியா அதில் அங்கம் வகித்தார். 1792-ல் மரண தண்டனை பற்றி விவாதம் வந்தது. பெரும்பாலோர் அது வேண்டும் என்றார்கள். பெக்காரியாவும் இன்னும் இருவரும் எதிர்த்தார்கள். நீதிபதியும் மனிதர்தான், தவறு செய்யக் கூடும். நிரபராதியைச் சிறையில் அடைத்தால் பிறகு விடுதலை செய்யலாம். தூக்கில் போட்டுவிட்டால் போன உயிரை யார் கொடுப்பது? இதுவே அவர்கள் வாதம். அவர்கள் தோற்றார்கள்.

1794 நவம்பர் 28-ந் தேதி, 56-வது வயதில் பெக்காரியா காலமானார்.

மிலானில் பழைய நீதி மாளிகையின் அருகே ஒரு சதுக்கத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே அவருக்குச் சிலையும் உண்டு. இத்தாலியில் இன்று மரண தண்டனை இல்லை. தோற்றுப் போன அந்த 3 பேரின் கட்சி, முடிவில் ஜெயித்து விட்டது.