ஒகோனி மண்ணின் எழுத்தாளர்

எண்ணெய் என்றால் விலை மட்டுமே நினைவுக்கு வந்த எனக்கு, அதன் பின்னுள்ள கண்ணீரை உணர்த்தியது கென் சாரோ-விவாவின் வாழ்வு.

1941இல் நைஜீரியாவின் போரியில் பிறந்தவர், நாவலாசிரியர். 1958இல் எண்ணெய் கண்டறியப்பட்ட ஒகோனி மண்ணில் வயலும் ஓடையும் பாழாயின. அவர் முன்னின்று வளர்த்த இயக்கத்தின் அழைப்பை ஏற்று, 1993 சனவரி 4 அன்று ஏறத்தாழ 3 லட்சம் மக்கள் அமைதியாக அணிவகுத்தனர். அவ்வாண்டே ஷெல் நிறுவனம் அங்கு எண்ணெய் எடுப்பதை நிறுத்தியது.

இராணுவ அரசோ கொலைப்பழி சுமத்தி, உலகெங்குமிருந்து வந்த வேண்டுகோள்களைப் புறக்கணித்து, 1995 நவம்பர் 10 அன்று அவரையும் தோழர் எண்மரையும் தூக்கிலிட்டது. மறுநாளே காமன்வெல்த் நைஜீரியாவை இடைநீக்கம் செய்தது.

உலகின் குரல் அவரைக் காக்கவில்லை, ஆயினும் ஓயவில்லை. 2009இல் நியூயார்க் வழக்கில், குற்றத்தை ஒப்பாமலே, ஷெல் 155 லட்சம் டாலர் தந்தது. 2025இல் நைஜீரிய அரசு மன்னிப்பு வழங்கியது. மன்னிக்க வேண்டியவர் யார், நண்பர்களே?