நீரில் நின்ற காடும் நெருப்பில் எரிந்த கப்பலும்

கோடையில் நம் ஜவ்வாது மலைக்குச் செல்வோர், மரங்கள் பல இலையுதிர்த்து மொட்டையாய் நிற்பதைக் காண்பர். நீர் இல்லாக் காலத்தில் இலையை உதிர்த்து உயிரைக் காத்துக்கொள்வது மரத்தின் இயல்பு. ஆனால், பெருவெள்ளத்தின் நடுவே நின்றுகொண்டே இலை உதிர்க்கும் மரங்களும் உலகில் உண்டு! அவை தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளில் உள்ளன. அக்காடுகளில் நான்கு ஆண்டுகள் அலைந்து திரிந்த அறிஞரே ஆல்பிரட் ரசல் வாலஸ்.

வாலஸ் 1823 ஜனவரி 8 அன்று வேல்ஸ் நாட்டில் பிறந்தார். வறுமையால் 14 வயதிலேயே பள்ளியை விட்டு நீங்கினார். அண்ணனோடு நிலம் அளக்கச் சென்றபோது செடி கொடிகளின்மீது ஆர்வம் கொண்டார். பின்னர் லெஸ்டர் நகரில் ஆசிரியராக இருந்தபோது ஹென்றி பேட்ஸ் என்னும் நண்பர் வாய்த்தார். உயிரினங்கள் எவ்வாறு தோன்றின என்னும் வினாவுக்கு விடை தேடி இருவரும் 1848 இல் பிரேசில் சென்றனர். பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்து விற்ற பணமே அவர்களுக்கு வழிச்செலவு.

வாலஸ் பயணம் செய்த ரியோ நீக்ரோ ஆறு, ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 மீட்டர் உயரும். கரையோரக் காடு மாதக்கணக்கில் நீரில் நிற்கும். மரக்கிளைகளினூடே ஓடம் செல்லும். நீரில் மூழ்கிய வேருக்குக் காற்று கிடைப்பதில்லை. ஆதலால் பல மரங்கள் வளர்ச்சியை நிறுத்தி, இலையையும் உதிர்க்கின்றன. வறட்சி நம் மரங்களில் பதிக்கும் ஆண்டு வளையத்தை அங்கே வெள்ளம் பதிக்கிறது. பல மரங்கள் வெள்ளக் காலத்திலேயே கனிகின்றன. நீரில் விழும் பழங்களை மீன்கள் உண்டு, விதைகளைத் தொலைவில் பரப்புகின்றன. கனியுண்டு விதை பரப்பும் பறவைகளின் வேலையை அங்கே மீனும் செய்கிறது!

குடைபோன்ற கொண்டையுடைய ஒரு பறவை, வெள்ளம் சூழும் தீவுகளில் மட்டுமே வாழ்வதையும் மேட்டுநிலத்தில் காணப்படாமையையும் வாலஸ் குறித்துக்கொண்டார். பேராற்றின் இரு கரைகளிலும் வெவ்வேறு குரங்கினங்கள் இருப்பதையும் கண்டார். ஓர் உயிர் எங்கே வாழ்கிறது என்பதிலேயே அது எவ்வாறு தோன்றியது என்பதற்கான குறிப்பும் உண்டு என உணர்ந்தார்.

இவ்வறிவுக்கு அவர் கொடுத்த விலை பெரிது. துணைக்கு வந்த தம்பி ஹெர்பர்ட் 1851 இல் மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியானார். 1852 இல் தாயகம் திரும்புகையில் நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியது. அரும்பாடுபட்டுச் சேர்த்தவற்றுள் பெரும்பகுதி சாம்பலாயிற்று. மீன்களையும் பனையினங்களையும் தாமே வரைந்த படங்கள் சில ஒரு தகரப் பெட்டியில் தப்பின. பத்து நாள் படகில் தத்தளித்த பின்னரே வேறொரு கப்பல் அவரை மீட்டது.

மற்றொருவராயின் மனமுடைந்து ஒதுங்கியிருப்பார். வாலஸோ, அடுத்த ஆண்டே அமேசான் பற்றி இரு நூல்களை வெளியிட்டார். 1854 இல் மலாய்த் தீவுகளுக்குப் புறப்பட்டார். அங்கே காய்ச்சலில் கிடந்தபோது இயற்கைத் தேர்வு என்னும் உண்மை அவருக்குப் புலப்பட்டது. அதை எழுதி டார்வினுக்கு அனுப்பினார். 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் கழகத்தில் இருவர் கருத்துகளும் ஒருங்கே படிக்கப்பட்டன. 1913 இல், தம் 90 ஆம் வயதில் வாலஸ் மறைந்தார்.

கல்லூரி வாயிலையே மிதிக்காத அவருக்குக் காடே கல்லூரியாயிற்று. நமக்கோ கல்லூரியும் உண்டு. கூப்பிடு தூரத்தில் மலையும் உண்டு. அடுத்த கோடையில் ஜவ்வாது மலையில் இலையற்ற மரமொன்றைக் கண்டால், சற்று நின்று, ஏன் என்று கேட்போம்.